பதினெட்டின் வாசலில்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில் வளாகத்தில் வேலை கேட்டு வரும் பையனிடம் லேபர் காண்ட்ராக்டர் முதலில் வாங்கிப் பார்ப்பது ஆதார் அட்டையை. பெயர், ஊர் எல்லாம் பிறகுதான். கண் நேரே பிறந்த தேதிக்குப் போகும். பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களை ஆபத்தில்லாத வேலைகளில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தந்தாலும், வம்பு எதற்கு என்று கம்பெனிகள் பதினெட்டையே கோடாகப் போட்டுக்கொண்டிருக்கின்றன. ஒரு மாதம் குறைந்தாலும் ‘அடுத்த மாசம் வா’ என்பதுதான் பதில். அந்தப் பையனின் தாத்தாவுக்கோ தன் பிறந்த தேதி தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. அவர் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். விரல் எட்டினால் ஐந்து வயது முடிந்துவிட்டதென்று கணக்கு. ஜூன் மாதச் சேர்க்கைக்குத் தோதாகத் தலைமையாசிரியரே ஒரு தேதியை எழுதிக்கொள்வார். அந்தத் தலைமுறையில் இத்தனை பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்ததாகப் பதிவேடுகள் சொல்வது அதனால்தான். பிறப்பு, இறப்புப் பதிவுக்கு நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது 1969-இல். ஆக, வயதை ஆண்டு, மாதம், நாள் என்று எண்ணி, அதை வைத்து ஒருவரை உள்ளே விடுவதும் வெளியே நிறுத்துவதும் இந்த மண்ணில் அண்மைக் காலத்துப் பழக்கம்.

பதின்பருவத்து மன அழுத்தத்தைப் பற்றிய பேச்சில் இந்த வரலாறு வருவதே இல்லை. ஹார்மோன், செல்போன், ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி கிடையாது’ – இந்த மூன்றில் ஒன்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தின் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளை விரித்து வைத்துப் பார்த்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரையிலான ஆண்டுகளைக் கூலி வேலையிலிருந்தும் கல்யாணத்திலிருந்தும் சிறுகச் சிறுக மீட்டெடுத்தோம். அது பெரிய சாதனை. மீட்ட ஆண்டுகளை அப்படியே கொண்டுபோய் ஒரு பரீட்சையின் கையில் கொடுத்துவிட்டோம். இன்றைய அழுத்தத்தின் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது. அதைக் குறைத்தவை என்று சொல்லத்தக்க நடவடிக்கைகளும் பிள்ளைகளுக்குத் தைரியம் சொன்னவையாக இல்லை, ஏற்பாட்டை மாற்றியவையாகவே இருக்கின்றன.

பழைய ஏற்பாடு எப்படி இருந்தது? பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியபோது அவர்களை இழுத்து வந்தது துணி வியாபாரம். அந்த ஊரின் பெயர் ‘பளையகாட்’ லுங்கியில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தறி இருந்த வீட்டில் சின்னப் பிள்ளை தார் சுற்றும். பாவு போடும்போது கூட ஓடும். கால் மிதிக்கு எட்டியதும் தறிக்குழியில் இறங்கிவிடும். ஏரிக்கரையில் இறால் பிடிக்கும் உரிமையை மீனவக் கிராமங்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்ற ஏற்பாடு இருந்தது, இன்றும் இருக்கிறது. அதில் பங்கு தலைக்கட்டுக்குத்தான். ஒருவன் தலைக்கட்டாகிவிட்டான் என்றால் ஆளாகிவிட்டான் என்று ஊரே ஒப்புக்கொண்டதாகப் பொருள். வயல் பக்கம் கதை வேறு. இன்றைய பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்கள் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. அந்த மாவட்டத்தின் கலெக்டர் டிரெமன்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கை, கடனுக்கு ஈடாகத் தங்கள் உழைப்பையே அடமானம் வைத்துப் படியாள்களாகக் கிடந்த பறையர் குடும்பங்களின் நிலையை அரசின் முன் வைத்தது. மறு ஆண்டு வந்த பஞ்சமி நில ஆணைக்கு அதுவே அடிப்படை. படியாளின் மகன் மாடு மேய்ப்பதில் தொடங்கி ஏரில் போய் முடிவான். தறியோ வலையோ வயலோ, பிள்ளைப் பருவத்துக்கும் ஆளான பருவத்துக்கும் நடுவே காத்திருக்கும் இடைவெளி என்று ஒன்று ஏறத்தாழ இல்லை. என்ன ஆகப்போகிறோம் என்ற கேள்விக்குப் பிறப்பே பதில் சொல்லிவிட்டிருந்தது.

‘அதனால்தான் அந்தக் காலத்தில் டென்ஷன் இல்லாமல் இருந்தார்கள்’ என்று இங்கே ஒரு குரல் கிளம்பும். அந்தக் காலத்தில் டென்ஷன் இல்லை என்பதற்குச் சான்று என்ன? யாரும் எழுதி வைக்கவில்லை என்பது மட்டுமே. படியாள் வீட்டுப் பையன் இரவில் தூங்கினானா என்று எந்தக் கலெக்டரும் கேட்டதில்லை. பஞ்சம் வந்த ஆண்டுகளில் பெற்றோரே விற்ற பிள்ளைகள் இதே பழவேற்காட்டிலிருந்து கப்பலேறி பட்டேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாகப் போயிருக்கிறார்கள். திண்ணைப் பள்ளியில் படிக்க வாய்த்தவர்களுக்கும் சட்டாம்பிள்ளையின் பிரம்பும், கையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடும் கோதண்டமும் காத்திருந்தன. அந்தப் பிள்ளைகளின் மனத்தில் எந்தப் பாரமும் இல்லை என்று சொல்ல நமக்கு எந்த உரிமையும் கிடையாது. துன்பம் அன்றும் இருந்தது. அது வேறு வகைத் துன்பம், அவ்வளவுதான். அடியும் பசியும் கொடுத்த துன்பம் அது. தேர்ந்தெடுக்கப்படுவோமா மாட்டோமா என்ற திகில் அதில் குறைவு. தேர்வே இல்லாதவனுக்குத் தோல்வியும் இல்லை. அதை நிம்மதி என்று பெயர் வைத்து ஏங்குவது வரலாற்றுக்கு அடுக்காது.

மீட்பு எவ்வளவு மெதுவாக நடந்தது என்பதைத் தொழிற்சாலைச் சட்டங்களில் படிப்படியாகப் பார்க்கலாம். 1881-இல் வந்த முதல் சட்டம் ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை மட்டும் ஆலைக்கு வெளியே நிறுத்தியது. ஏழிலிருந்து பன்னிரண்டு வரையிலான பிள்ளை ஒன்பது மணி நேரம் வேலை செய்யலாம். 1891-இல் அந்த எல்லை ஒன்பது வயதானது, 1922-இல் பன்னிரண்டு, 1948-இல் பதினான்கு. ஏழைப் பதினான்கு ஆக்க அறுபத்தேழு ஆண்டுகள் பிடித்தன. பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள் பாதி நாள் ஆலையிலும் பாதி நாள் படிப்பிலுமாக இருந்த பிள்ளைகளுக்குத் தாமே பள்ளி நடத்தியது இந்த இடைக்காலத்தில்தான். சிறுவனும் இல்லை, பெரியவனும் இல்லை என்று ஒரு நடுப்பிரிவைச் சட்டம் முதன்முதலாகப் பார்த்தது 1934-இல். பதினைந்திலிருந்து பதினேழு வயது வரை இருப்பவர்களுக்குத் தனி விதிகள் வந்தன. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நுணுக்கமாகப் போயிற்று. வளரிளம் பருவத்தினரை வேலைக்கு வைத்தால் அரசு நியமித்த மருத்துவரின் தகுதிச் சான்று வேண்டும். வேலை செய்யும்போது அந்தச் சான்றின் விவரம் உள்ள டோக்கனை உடம்பில் வைத்திருக்க வேண்டும். எலும்பு தாங்குமா, மார்பு தாங்குமா என்று பார்க்கும் சான்று அது. மனம் தாங்குமா என்ற கேள்வி அன்றைய சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

பெண் பிள்ளைகளின் கணக்கு தனி. ஆணுக்கு ஆலை வாசல் என்றால் பெண்ணுக்கு மணவறை. 1929-ஆம் ஆண்டுச் சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதைப் பதினான்கு என்று வைத்தது; 1949-இல் அது பதினைந்து; பதினெட்டு ஆனது 1978-இல். சட்டம் ஒரு பக்கம் இருக்க, பெண் பெரியவளானதும் மஞ்சள் நீராட்டு நடத்திப் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடும் வழக்கத்தை அசைத்தவை நடைமுறை உதவிகள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் தொடங்கிய திருமண உதவித் திட்டம் எட்டாம் வகுப்பு, பிறகு பத்தாம் வகுப்பு என்று படிப்பை நிபந்தனையாக வைத்ததால், ‘பத்தாவது முடிச்சிட்டா பணம் வரும்’ என்ற பேச்சு வீட்டுக்குள் வந்தது. அரசு கொடுத்த சைக்கிள் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியை எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தது. 2022-இல் அந்தத் திருமணப் பணம் உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. ஒரு நூற்றாண்டில் பதினான்கு வயதுப் பெண்ணின் இடம் மாமியார் வீட்டிலிருந்து வகுப்பறைக்கு நகர்ந்திருக்கிறது. அந்த வகுப்பறையில் அவளுக்கு அழுத்தம் இருக்கிறது என்பதற்காக இந்த நகர்வைக் குறை சொல்பவர் யாரானாலும் அவர் எதற்காக ஏங்குகிறார் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இனி தொழிற்சாலைக் காலம். எண்ணூரில் 1948-இல் தொடங்கிய மோட்டார் கம்பெனி அசோக் லேலண்டாக வளர்ந்தது. 1960-களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தன. 1971-இல் தொடங்கிய சிப்காட் பின்னாளில் கும்மிடிப்பூண்டியில் வளாகம் அமைத்தது. அந்தக் காலகட்டத்தின் சிறப்பு என்னவென்றால், பதினாறு வயதுப் பையனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்கள் திறந்திருந்தன. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவனுக்கு ஐ.டி.ஐ. இருந்தது. ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்று ஒரு டிரேடு. அதன் பிறகு 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ்ப் பயிற்சி. பயிற்சி முடிந்து உள்ளே நிரந்தரமானால் கேன்டீன் சாப்பாடு, கம்பெனி பஸ், யூனியன், பி.எஃப். எல்லாருக்கும் இது கிடைத்தது என்று சொல்லவில்லை; பெண்களுக்கும், சாதியால் தள்ளி வைக்கப்பட்டவர்களுக்கும் கிடைத்தது சொற்பம். ஆனாலும் கணக்கில் நாற்பது மார்க் வாங்கிய பையன், சம்பளமும் மரியாதையும் உள்ள ஒரு வாழ்க்கைக்குப் போக முடியும் என்பதற்குத் தெருவுக்கு ஒரு கண்கண்ட உதாரணம் இருந்தது. படித்தவன், படிக்காதவன் என்று இரண்டாகப் பிரியாமல் நடுவில் ஒரு மூன்றாவது ஆள் இருந்தான்: வேலை தெரிந்தவன்.

அந்த மூன்றாவது ஆள் மெல்ல மறைந்த விதம்தான் இக்கதையின் முக்கியப் பகுதி. தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தது. அதற்கு முன் பதினொன்றாம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவன் பி.யூ.சி. படிக்கக் கல்லூரிக்குப் போய்விடுவான். பதினாறிலேயே அவன் கல்லூரி மாணவன். பிளஸ் டூ அவனைப் பதினெட்டு வரை சீருடையில் நிறுத்தி வைத்தது. 1984-இல் தொழிற்கல்விப் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்ததும் அதையொட்டித்தான். திருவள்ளூர் மாவட்டத்தின் நெடுஞ்சாலைகளில் வயலுக்கு நடுவே எழுந்த கல்லூரிக் கட்டடங்களுக்கு வேர் அங்கே இருக்கிறது. ஆறே ஆண்டுகளில் பதினேழு வயது என்பது தலையெழுத்தைத் தீர்மானிக்கும் வயதாகிவிட்டது. அதே வேளையில் 1990-களுக்குப் பிறகு ஆலைக்குள் நிரந்தர வேலை சுருங்கி ஒப்பந்தக் கூலி பெருகியது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த இளைஞர்கள் பொன்னேரி, கவரைப்பேட்டை வரை வாடகை அறைகளை நிரப்பினார்கள். ஐ.டி.ஐ. முடித்தவனும் டிரெய்னி என்ற பெயரில் இரண்டு ஆண்டு இருந்துவிட்டு வெளியே வர வேண்டியதாயிற்று. சிப்காட் மதிலை ஒட்டிய ஊர்களில், மகனை ‘கம்பெனிக்குப் போயிடாதே, படி’ என்று சொல்பவர் பெரும்பாலும் கம்பெனிக்குள் இருபது ஆண்டு இருந்த அப்பாவாகவே இருப்பார். அவர் சொல்வதில் தவறு காண முடியாது. உள்ளே நிலைமை என்ன என்று பார்த்தவர் அவர்தான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தோடு பையனுக்கு மீதி வாசல்கள் எல்லாம் சாத்தப்பட்டு, ஒன்று மட்டும் திறந்திருப்பதாகத் தெரிகிறது. அந்த ஒன்றின் முன் மாநிலமே வரிசையில் நிற்கிறது.

இங்கே உடலியல் பக்கத்திலிருந்து வரும் மறுப்பைக் கவனிக்க வேண்டும். பதின்பருவம் என்றாலே கொந்தளிப்புதான், அது இயற்கை என்று உளவியலாளர் ஸ்டான்லி ஹால் 1904-இலேயே எழுதினார். மூளை வளர்ச்சி பற்றிய இன்றைய ஆராய்ச்சியும் அந்த வயதில் உணர்ச்சி முந்துகிறது, நிதானம் பிந்துகிறது என்பதை மறுக்கவில்லை. 1928-இல் மானுடவியலாளர் மார்கரெட் மீட், சமோவாத் தீவுப் பெண்கள் அந்த வயதை அலட்டிக்கொள்ளாமல் கடக்கிறார்கள் என்று எழுதி ஹாலை மறுத்தார். பின்னாளில் டெரெக் ஃப்ரீமன் மீடையே கடுமையாக மறுத்தார். அந்தச் சண்டையில் யார் பக்கம் போனாலும் ஒன்று மிச்சமிருக்கும். உடம்பு எல்லாத் தலைமுறைக்கும் ஒன்றுதான். ஆனால் தமிழ்நாட்டில் பதற்றம் மார்ச்சிலும் மே மாதத்திலும் கூடிப் பிறகு வடிவதற்கு ஹார்மோன் காரணமாக முடியாது. அந்தக் காலண்டரை எழுதியது கல்வித் துறை. அழுத்தத்தைப் பற்றிய ஆய்வுகளும் இந்தப் பக்கமே சாய்கின்றன. 1936-இல் ஹான்ஸ் செலி இந்தத் துறையைத் தொடங்கி வைத்தபோது காட்டியது, உடம்பு நெருக்கடிக்கு எதிராக முதலில் கிளர்ந்தெழும், பிறகு தாக்குப்பிடிக்கும், நெருக்கடி ஓயாவிட்டால் கடைசியில் சோர்ந்து விழும் என்பதை. அடித்துவிட்டு ஓயும் நெருக்கடியைவிட ஓயாமல் இழுத்துக்கொண்டே போகும் நெருக்கடி ஆபத்தானது. 1979-இல் ராபர்ட் கராசெக் தொழிலாளர்களை ஆராய்ந்து சொன்னது நம் வட்டாரத்துக்கு இன்னும் பொருத்தம்: வேலை கடுமையாக இருந்தும், அதை எப்படிச் செய்வதென்று தீர்மானிக்கும் உரிமை கையில் இல்லாதவர்களே அதிகம் நொறுங்குகிறார்கள். ஆலையில் கன்வேயர் முன் நிற்கும் அம்மாவும், ஏழு மணி வரை ஸ்பெஷல் கிளாஸில் உட்கார்ந்திருக்கும் மகளும் அந்த விவரிப்புக்குள் ஒருசேர வருகிறார்கள். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்ளும்போது அவளிடம் யாரும் கேட்பதில்லை.

ஏற்பாட்டை மாற்றினால் அழுத்தம் குறையுமா என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. ஒரு காலத்தில் தேர்வு முடிவு மாலைப் பத்திரிகையில் வரும். பொடி எழுத்தில் பதிவெண்கள் மட்டும். பஸ் நிலையத்துக் கடையில் நாலு பேர் சேர்ந்து ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு விரலால் கோடிழுத்துத் தேடுவார்கள். எண் இல்லையென்றால் ஃபெயில். எந்தப் பாடத்தில், எத்தனை மார்க்கில் போயிற்று என்பதுகூட அந்த நேரத்தில் தெரியாது. ஒரு பாடத்தில் தவறினாலும் ஓராண்டு போய்விடும். அக்டோபர் அட்டெம்ப்ட் வரை டுடோரியல், அதுவரை உறவினர் முகத்தில் விழிக்க முடியாது. தேர்வுத் தோல்வித் தற்கொலைகள் பற்றி ஒவ்வொரு கோடையிலும் செய்தி வரும், பிறகு மறந்துபோகும். 1986-இல் சென்னையில் ஸ்நேகா அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் இந்தக் காலண்டரை விடாமல் சுட்டிக்காட்டினார்கள். 2000-களின் தொடக்கத்தில், தவறிய பாடத்தை அடுத்த ஓரிரு மாதத்திலேயே எழுதி அதே ஆண்டில் மேற்படிப்புக்குப் போக வழிசெய்யும் உடனடித் துணைத் தேர்வு வந்தது. பிள்ளைகளின் சுபாவம் மாறவில்லை, பாடத்திட்டமும் மாறவில்லை; தோல்விக்கு விலையாக இருந்த ஓராண்டு மட்டும் சில வாரங்களாகச் சுருங்கியது. 2017-இல் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் பழக்கத்தை அரசு கைவிட்டது; பள்ளி வாசலில் கட்டும் ஃப்ளெக்ஸ் பேனர் அதனால் ஒழிந்துவிடவில்லை என்பது வேறு விஷயம். அதே 2017-இல் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் கட்டாயமாகி, 2007 முதல் இல்லாதிருந்த நுழைவுத் தேர்வு வேறு உருவில் திரும்பியது. மருத்துவ இடம் கிடைக்காமல் போன அரியலூர் மாணவி அனிதாவின் மரணம் அந்த ஆண்டின் செப்டம்பரில். ஒரு வாசலை அகலமாக்குவதும் பக்கத்து வாசலைக் குறுக்குவதும் ஒரே ஆண்டில் நடக்கின்றன. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு ஒதுக்கியது மறுபடி ஓர் அகலமாக்கல்.

பரீட்சையை மட்டும் குறை சொன்னால் போதாது என்பதைக் கும்மிடிப்பூண்டி அகதி முகாமைப் பார்த்தால் புரியும். 1990-இல் ஈழப்போர் மறுபடி மூண்டபோது வந்தவர்களுக்கு அமைந்த முகாம் அது. 2021-இல் இத்தகைய முகாம்களின் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது. பத்துக்குப் பத்து அறையில் வளர்ந்த இரண்டாம் தலைமுறை அங்கே இருக்கிறது. இந்தியாவில் பிறந்தாலும், 1987 ஜூலை முதல் பிறந்தவர் என்றால் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருந்தால்தான் குடியுரிமை. ஆகவே, தமிழ்நாட்டிலேயே பிறந்து, தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைக்கும் அரசு வேலை, பாஸ்போர்ட் இரண்டும் எட்டாது. படித்த அண்ணன் பெயிண்டிங் வேலைக்குப் போவதைத் தம்பி தினமும் பார்க்கிறான். அவனிடம் போய் ‘பாசிட்டிவாக இரு’ என்று சொல்லும் ஆலோசகருக்கு என்ன பதில் கிடைக்கும்? ஈழ அகதிகளுக்காக 1984-இல் சந்திரஹாசன் தொடங்கிய ஆஃபர் அமைப்பு முகாம்களில் படிப்புக்கும் ஆற்றுப்படுத்தலுக்கும் சேர்த்தே வேலை செய்தது இதனால்தான். அந்தப் பையனின் பாரம் அவன் மனத்தில் தொடங்கவில்லை. ஒரு சட்டப் பிரிவில் தொடங்குகிறது. திருவள்ளூர்ச் செங்கல் சூளைகளில் வேலை செய்யும் ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும், செங்குன்றம் அரிசி ஆலைகளில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த இருளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதே கேள்வி வேறு வேறு உருவில் நிற்கிறது. அவர்களுக்குப் பரீட்சைப் பயம்கூட இன்னும் வாய்க்காத வசதி.

இந்த வாதத்துக்கு எதிராக நான் மிகவும் மதிக்கும் மறுப்பு ஒன்று உண்டு. சட்டம், கல்விக் கொள்கை, குடியுரிமை எல்லாம் மாறும் வரை காத்திருக்க, இன்று இரவு தூக்கம் வராமல் கிடக்கும் பிள்ளையால் முடியாது. உண்மை. அதனால் பேச்சுத் துணை வேண்டும், மருத்துவம் வேண்டும். 2022 முதல் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இரவும் பகலும் கிடைக்கிறது, அதை ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் எழுதி வைக்கலாம். சாவைப் பற்றிப் பேசும் பிள்ளையை ‘சும்மா மிரட்டுகிறான்’ என்று விட்டுவிடக் கூடாது. நேராகக் கேட்க வேண்டும், தனியே விடக் கூடாது, மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். ஆனால் வீட்டுக்குள் செய்யக்கூடிய காரியங்களும் உற்றுப் பார்த்தால் ஏற்பாடுகளே. தூக்கத்தை எடுத்துக்கொள்வோம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படித்தால் மனத்தில் பதியும் என்பது நம் வீடுகளின் அசையாத நம்பிக்கை. பதின்பருவத்தில் தூக்கம் வரவழைக்கும் மெலடோனின் சுரப்பது தாமதமாவதால் அந்தப் பிள்ளைக்கு இரவு பத்து, பதினொன்றுக்கு முன் கண் சொருகாது. அந்த வயதுக்குத் தேவை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம். நாலு மணிக்கு எழுப்பினால் ஐந்தாறு மணி நேரம்தான் கிடைக்கும். சிப்காட்டைச் சுற்றிய வீடுகளில் இது இன்னும் சிக்கல். அப்பா சி ஷிப்ட் முடித்து விடிகாலையில் வருவார், அம்மா ஏ ஷிப்டுக்குக் கிளம்புவார். ஒற்றை அறையில் லைட் அணைவதே இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி கற்றுத் தருவதோடு, மாலையில் உட்கார்ந்து படிக்கப் பஞ்சாயத்து நூலகத்தைத் திறந்து வைத்தால் பலன் கூடும். காலை ஏழரைக்குத் தொடங்கும் சிறப்பு வகுப்பை எட்டரைக்குத் தள்ளினாலும் பலன் உண்டு. பிள்ளையின் பேச்சை, ரேங்க் கார்டுக்கு அப்பால், குறுக்கே பேசாமல் கேட்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறாரா என்பதும் பெரும்பாலும் அந்தப் பெரியவரின் ஷிப்டைப் பொறுத்திருக்கிறது.

கெடுபிடியைத் தளர்த்தினால் தரம் போய்விடும் என்பார்கள் இன்னொரு சாரார். அவர்கள் பக்கத்தில் ஒரு வலுவான உதாரணம் உண்டு. தனியார் பள்ளிகள் பல, பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே தொடாமல் இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்பையே உருப்போட வைத்தன. கல்லூரி முதலாண்டில் அந்தப் பிள்ளைகள் தடுமாறினார்கள். அதைத் தடுக்கவே 2017-18-இல் பதினொன்றுக்கும் பொதுத் தேர்வு வந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று தொடர்ந்து மூன்று ஆண்டு பொதுத் தேர்வு எழுதிய தலைமுறை ஒன்று உருவாயிற்று. 2019-இல் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கும் பொதுத் தேர்வு என்று அறிவித்துவிட்டு, எதிர்ப்பு வலுத்ததும் 2020 பிப்ரவரியில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. பதினொன்றாம் வகுப்புப் பொதுத் தேர்வும் 2025-26 முதல் இல்லை என்று ஆகிவிட்டது. பழைய திருட்டு திரும்பிவிடாதா என்ற கேள்வி நியாயமானது, திரும்ப வாய்ப்பும் இருக்கிறது. ஆனால் அந்தத் தேர்வு கட்டுப்படுத்த நினைத்தது பள்ளி நிர்வாகத்தை. அதன் சுமையைத் தூக்கியது பதினாறு வயதுப் பிள்ளை. பதினொன்றாம் வகுப்பில் ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரிக்கும் பள்ளியைக் கண்டுபிடிக்க எட்டு லட்சம் பேர் பரீட்சை எழுத வேண்டியதில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு கல்வி அலுவலர் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு நோட்டை வாங்கிப் பார்த்தால் போதும்.